பாப்பாவுக்கு, ஜீப் விஷயமாக

பூம்பாறை,
ஐப்பசி 20.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதிக்கொள்வது.   அடைமழை பிடித்துக்கொண்டதில் உன் அத்தைக்கு முட்டுவலி கூடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதையே நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேச்சில் சிக்னல் போய்விட்டது. இது போனில் சொல்லி முடிகிற காரியமும் இல்லை.

நீ கேட்டது மூன்று. டிராவலர் வேனை வீடு மாதிரி மாற்றிக் கட்டியாகிவிட்டது, அதன் பின்னால் ஒரு ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு மலைக்கு வரலாமா என்பது ஒன்று. அந்த ஜீப் புதுசா, பழசா என்பது இரண்டாவது. மூன்றாவதை மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாய்: "உங்க ஜீப்பையே எனக்குக் குடுத்துருங்களேன் மாமா." அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. வேனை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, சின்ன வண்டியில் கூக்கால், கிளாவரை என்று சுற்ற வேண்டும். அமெரிக்காவில் அப்படித்தான் செய்கிறார்கள், வீட்டு வண்டிக்குப் பின்னால் ஜீப் நாலு சக்கரமும் தரையில் உருள வருகிறது என்று மாப்பிள்ளை படம் காட்டினார். அந்த ரோடுகள் வேறு, அந்தச் சட்டம் வேறு. நம் ஊரில் ரிப்பேராகி நின்ற வண்டியையோ, பதிவு செய்த டிரெய்லரையோதான் இன்னொரு வண்டி இழுக்கலாம். 1989-இல் வந்த சாலை விதியிலிருந்தே அப்படித்தான். அதிலும் இழுபடுகிற வண்டியின் ஸ்டீயரிங்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். நல்லா ஓடுகிற ஜீப்பை ஆளில்லாமல் கம்பி போட்டு இழுத்துவந்தால் முதல் செக்போஸ்ட்டிலேயே நிறுத்துவார்கள். நிறுத்துவது சரிதான்.

சட்டத்தை விடு. நீளத்தைக் கூட்டிப் பார். உன் வேன் ஏழு மீட்டர், இடையில் கம்பி ஒன்றரை மீட்டர், ஜீப் நாலு மீட்டர். பன்னிரண்டரை ஆகிவிட்டது. 2024 நவம்பர் 18 முதல் 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளைக் கொடைக்கானலுக்கு ஏற விடுவதில்லை. வளைவில் அவை திரும்ப முடியாமல் நின்று, பின்னால் கிலோமீட்டர் கணக்கில் வண்டி சேர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நீளத்தையும் விடு, இறக்கத்தை நினை. அதுதான் எனக்குப் பயம். பின்னால் வருகிற ஜீப்புக்குப் பிரேக் போட ஆள் கிடையாது. ஏறும்போது அது ஒரு டன்னுக்கு மேல் சுமை, அவ்வளவுதான். இறங்கும்போது அதே ஜீப் வேனை முதுகில் கைவைத்துத் தள்ளும். வேனின் பிரேக் இரண்டு வண்டியையும் பிடிக்க வேண்டும். போதாததற்கு, மலை ரோட்டில் இறங்குகிறவன்தான் ஏறுகிறவனுக்கு வழி விட வேண்டும். எதிரே காய்கறி லாரி வந்துவிட்டது, கொஞ்சம் பின்னால் போகணும் என்றால் என்ன செய்வாய்? கம்பியில் கட்டிய ஜீப்பைப் பின்னுக்குத் தள்ள முடியாது. முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் மடங்கிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில், மழையில், ஒரு பக்கம் பள்ளத்தோடு, மாப்பிள்ளை கீழே இறங்கிக் கம்பியைக் கழற்றிக்கொண்டிருப்பார். வேண்டாம்மா.

வேனை வத்தலக்குண்டிலோ பழனியிலோ நிறுத்து. அதுவரை வேன், ஜீப் இரண்டில் நீ ஒன்றை ஓட்டு, மாப்பிள்ளை இன்னொன்றை ஓட்டட்டும். இரண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்கிறது. அடிவாரத்தில் வேனைப் போட்டுவிட்டு ஜீப்பில் எல்லாரும் ஏறி வாருங்கள். இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதே, 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு அது கட்டாயம்.

என்றைக்காவது ஜீப் ரிப்பேராகி, நிஜமாகவே கட்டி இழுக்க நேர்ந்தால் இதை நினைவில் வை. கியர் கம்பிக்குப் பக்கத்தில் உள்ள, ஃபோர் வீல் போடுகிற சின்னக் கம்பியை நியூட்ரலில் தள்ள வேண்டும். பெரிய கியரை மட்டும் நியூட்ரலில் விட்டால் போதாது. ஸ்டீயரிங் பூட்டு திறந்திருக்க வேண்டும். பழைய ஜீப்பாக இருந்து தூரமும் அதிகமென்றால், பின் ஆக்சிலுக்குப் போகிற ஷாஃப்டையே கழற்றி உள்ளே போட்டுவிடுவோம். நாலு போல்ட்டு வேலை, கியர் பாக்ஸ் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது புதுசா, பழசா.

நான் இருபத்தெட்டு வருஷம் இந்த மலையில் ஜீப் ஓட்டினவன். பூண்டு மூட்டை, கேரட், உருளை, கல்யாண வீட்டுப் பாத்திரம், பிரசவத்துக்குத் துடிக்கிற பெண்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலன்று ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. முன்னால் நாலு பையன்கள் ரம்பத்தோடு மரத்தை அறுத்துக்கொண்டே போக, பின்னால் ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஊர்ந்து போனேன். அத்தனை வருஷத்திலும் ஏற்றத்தில் நான் பயந்ததில்லை. ஏறாவிட்டால் வண்டி நின்றுவிடும், கல்லை வைத்துவிட்டு இறங்கலாம். பயந்ததெல்லாம் இறக்கத்தில்தான்.

உனக்கு இதுவரை சொன்னதில்லை. நீ கைக்குழந்தையாக இருந்த சமயம். பெருமாள்மலை தாண்டிப் பழனி ரோட்டில் கேரட் லோடோடு இறங்குகிறேன். சீக்கிரம் போய்ச் சேரணும் என்ற அவசரம். மூணாவது கியரில் போட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமலே வருகிறேன். முதலில் ஒரு வாசனை வந்தது, துணி கருகுகிற மாதிரி. லைனிங் காய்கிறது என்று தெரிந்தும் இன்னும் ரெண்டு வளைவுதானே என்று நிறுத்தவில்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி அடிவரைக்கும் போனது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. மிதித்து மிதித்து எடுத்தேன், ஒன்றும் இல்லை. ரெண்டாவது கியருக்கு முரட்டுத்தனமாகத் தள்ளி, அது அலறிக்கொண்டு பிடிக்க, மலைப்பக்க ஓடையில் இடது சக்கரத்தை இறக்கி, மண்சுவரில் உரசி நிறுத்தினேன். கேரட் மூட்டைகள் என் முதுகில் வந்து மோதின. இறங்கிப் பார்த்தால் டிரம்மிலிருந்து புகை. கை நடுக்கம் நிற்க அரைமணி ஆனது. அன்றிலிருந்து எந்த வண்டியைப் பார்த்தாலும் இது எப்படி இறங்கும் என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஏறின கியரிலேயே இறங்கு, பாப்பா. இது உனக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்வது.

அதனால் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உன் குட்டிப்பயல் இல்லாவிட்டால், 2010-இல் வந்த முதல் தார் ஜீப் போதும் என்று சொல்லியிருப்பேன். பொலிரோ சாமான்கள் நிறைய அதற்குப் பொருந்தும், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். ஆனால் அதில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் பிரேக்கே 2019-இல்தான் வந்தது. நீங்கள் பிள்ளையை வைத்துக்கொண்டு அலையப் போகிறவர்கள். 2020 அக்டோபரில் வந்த அடுத்த தாரைப் பாருங்கள். மூணு நாலு வருஷம் ஓடினது, டீசல், கையால் கியர் போடுகிறது. புதுசு வேண்டாம். வேனுக்கே கடன் ஓடுகிறது என்று உன் அம்மா சொன்னாள். காட்டு வழியில் முள்ளும் கல்லும் கீறத்தான் செய்யும். கடனில் வாங்கின புது வண்டியில் முதல் கீறல் விழுந்ததுமே அதை ரோட்டை விட்டு இறக்க மனசு வராது.

மாருதி ஜிம்னியும் நல்ல வண்டிதான், 2023-இல் வந்தது. எடை குறைவு, ஒடுக்கமான பாதைக்குத் தோது, லோ கியரும் உண்டு. பெட்ரோல் மட்டும்தான். மூணு பேருக்கும் சாமானுக்கும் இடம் கொஞ்சம் இறுக்கம். ஃபோர்ஸ் கூர்க்கா உழைப்பாளி, அதைக் குறை சொல்ல மாட்டேன், நீ ஓட்ட அது பெரிசு.

தார் என்று போர்டு இருந்தால் மட்டும் நம்பிவிடாதே. 2023 ஜனவரி முதல் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் விற்கிறார்கள். வெளியில் பார்க்க ஒரே மாதிரி. டவுனுக்கு அது போதும், எங்கள் ஊர்ச் சேற்றுக்குப் போதாது. கதவைத் திறந்ததும் அந்த இரண்டாவது சின்னக் கம்பி இருக்கிறதா என்று பார். அது இல்லையென்றால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடு.

பெரிய டயர் போட்டு, உயரம் ஏற்றி, விளக்கு வரிசையாக மாட்டின வண்டியைத் தொடாதே. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். அதைவிட முக்கியம், பெரிய டயர் சுழல அதிக பலம் வேண்டும், நிற்கவும் அதிக பலம் வேண்டும். பிரேக் மட்டும் பழையபடியே இருக்கும்.

வண்டி பார்க்கக் காலையில் போ. நீ போவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. போனதும் பானட்டில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். பிறகு ஓர் இறக்கத்துக்குக் கொண்டுபோ. ஃபோர் வீல் லோ போட்டு, முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல் விடு. எறும்பு மாதிரி இறங்க வேண்டும். பாதியில் கம்பி தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் உள்ளே பல் தேய்ந்துவிட்டது. அந்த வண்டி எத்தனை மலிவாக வந்தாலும் வேண்டாம். காய்ந்த தார் ரோட்டில் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதே, மண்ணில் செய். முன்னாலும் பின்னாலும் ஷாஃப்ட் ஒன்றாகப் பூட்டிக்கொண்டிருக்கும்போது திருப்பினால், சக்கரம் கொஞ்சம் வழுக்கித்தான் முறுக்கத்தை விட முடியும். தார் ரோட்டில் வழுக்காது, கம்பி இறுகிக்கொள்ளும். இறுகினால் அடித்து இழுக்காதே, ரெண்டடி பின்னால் எடு, தானே விட்டுவிடும்.

அப்புறம் சேஸ். 1998-இல் இரண்டாவது ஜீப் வாங்கப் போய் நான் ஏமாந்தேன். கீழ்நாட்டில் ஒரு புரோக்கர், பெயர் வேண்டாம். பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் புதுசாகத் தார் பூசியிருந்தான், துரு பிடிக்காமல் இருக்க என்றான். எஃப்.சி.க்குக் கொண்டுபோன இடத்தில் அதிகாரி பேப்பரைச் சேஸ் நம்பர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். ஆர்.சி.யில் இருந்த நம்பரில் கடைசி இரண்டு எழுத்து வேறு. தாரைச் சுரண்டினால், இரண்டு ஜீப்பின் சேஸை நடுவில் வெட்டி வெல்டு வைத்திருந்தார்கள். உன் அத்தையின் நாலு வளையல் அதில் போனது. அவள் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு அது ஆறவே இல்லை.

பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சினை இறக்கி, ஆர்.சி.யை மாற்றாமல் விற்கிறவர்களும் உண்டு. எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர், எரிபொருள் மூன்றையும் புத்தகத்தோடு ஒத்துப் பார். பழைய சொந்தக்காரர் கடனில் வாங்கியிருந்தால் பேங்கிலிருந்து கடன் ரத்துக் கடிதமும், வேறு ஊர் வண்டியென்றால் அந்த ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.யும் கையில் வந்த பிறகுதான் மிச்சப் பணம்.

ஒன்று கேட்பேன், செய்வாயா? மன்னவனூர் பக்கம் புல்வெளியைப் பார்த்ததும் வண்டியை இறக்கிப் படம் எடுக்க ஆசை வரும். இறக்காதே. அந்தப் புல் ஒரு பஞ்சு மாதிரி, மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் ஓடைக்கு விடுகிறது. டயர் ஒருமுறை அழுத்தின தடத்தில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டும், அடுத்த வருஷம் அது பள்ளம். என் தோட்டத்துக்கு மேலே இருக்கிற ஊற்று அந்தப் புல்லால்தான் ஊறுகிறது. 2013 முதல் இந்தக் காடு சரணாலயம், பேரிஜம் போகவே வனத்துறை அனுமதி வேண்டும். உனக்கு ஜீப் ஓட்ட எங்கள் தோட்டத்துப் பாதை இருக்கிறது, கூக்கால் ஏரி வரை ரோடு இருக்கிறது.

இனி என் ஜீப். அது 1991 மாடல் எம்எம் 540, பெஜோ எஞ்சின். இன்றும் ரெண்டு சுற்றில் எடுக்கும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், பவர் ஸ்டீயரிங் இல்லை, பின்சீட்டில் பெல்ட் இல்லை. இருபது வருஷம் தாண்டிய காருக்கு, ஜீப்புக்கு மறுபதிவுக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அது பெரிசில்லை, கட்டிவிடுவேன். பிள்ளையை அதில் உட்காரவைத்து நீ பழனி ரோட்டில் இறங்குகிறாய் என்று தெரிந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அதனால் தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பயல் வளர்ந்து கால் கிளட்சுக்கு எட்டட்டும், தோட்டத்துக்குள் அவனுக்கு நானே அதில் ஓட்டச் சொல்லித்தருகிறேன்.

தை பிறந்ததும் திண்டுக்கல்லில் ரெண்டு வண்டி பார்த்து வைக்கிறேன். நீ பார்த்த வண்டி எதுவானாலும் விலை பேசுமுன் சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து, அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. வரும்போது ஒரு டார்ச்சும் பழைய சாக்கு ஒன்றும் எடுத்து வா. வண்டிக்கு அடியில் நாம் ரெண்டு பேரும் படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உன் மாமா