உருகுகம்பியும் நிலக்கம்பியும்: மின்சுற்றுப் பாடத்தில் ஒரு விளக்கம்

வீட்டில் பியூஸ் இருக்கும்வரை மின்சாரத்தால் உயிருக்கு அபாயம் இல்லை என்ற எண்ணம் நகரத்திலும் கிராமத்திலும் பரவலாக உள்ளது. இது தவறான எண்ணமாகும். உருகுகம்பி காப்பது வீட்டுக் கம்பிகளை, மனிதனை அன்று. இவ்வேறுபாட்டை விளக்குவதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. பள்ளியில் கற்பிக்கப்படும் ஓம் விதியும், மின்சுற்று என்பதன் பொருளுமே போதுமானவை.

மின்சுற்றும் ஓம் விதியும்

மின்னோட்டம் பாய்வதற்கு முற்றுப்பெற்ற பாதை ஒன்று தேவை. மின்மூலத்தின் ஒரு முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம், விளக்கு முதலிய சாதனத்தின் வழியே சென்று மறுமுனையை அடைகிறது. இப்பாதையே மின்சுற்று எனப்படும். விளக்கில் செலவாவது ஆற்றலே, மின்னோட்டம் செலவாவதில்லை. எவ்வளவு மின்னோட்டம் சென்றதோ, அவ்வளவும் திரும்பி வருகிறது.

மின்னோட்டத்தின் அளவை நிர்ணயிக்கும் விதியை 1827-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானியர். அவர் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பது ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்கது. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுக்க மின்னோட்டம் கிடைக்கும். 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 46 ஓம் தடையுள்ள சாதனம் ஒன்றை இணைத்தால், அதில் 5 ஆம்பியர் பாயும்.

உருகுகம்பியின் வேலை

வீட்டுச் சாதனங்கள் யாவும் பக்க இணைப்பில் அமைந்தவை. ஆகவே ஒவ்வொன்றும் முழு 230 வோல்ட்டையும் பெறுகிறது. அவற்றின் மின்னோட்டங்கள் பொதுக் கம்பியில் ஒன்றுசேர்கின்றன. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறத்தாழ 4.3 ஆம்பியர் கொள்ளும். 1500 வாட் ஹீட்டர் 6.5 ஆம்பியர் கொள்ளும். இரண்டும் ஒரே கம்பியில் இணைந்தால் 10.8 ஆம்பியர் ஆகிறது.

கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 5 ஆம்பியருக்கென அமைத்த கம்பியில் 10.8 ஆம்பியர் தொடர்ந்து பாய்ந்தால் மேலுறை உருகித் தீப்பற்ற நேரிடும். அதற்கு முன்னரே தான் உருகிச் சுற்றை அறுப்பது உருகுகம்பியின் கடமை. அடிக்கடி அறுகிறது என்பதற்காக அதன் இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவோர், வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பியையே உருகுகம்பியாக்கி விடுகின்றனர். இக்காலத்தில் பியூஸுக்குப் பதிலாகப் பல வீடுகளில் உள்ள எம்.சி.பி. என்னும் தானியங்கு முறிப்பானின் நோக்கமும் இதுவே.

மனித உடல் சுற்றில் சேர்ந்தால்

ஈரமான தோலுடன் ஒருவர் மின்கம்பியைத் தொடுகிறார் எனக் கொள்க. அவருடைய உடலின் தடை சுமார் 1000 ஓம் அளவுக்குக் குறையக்கூடும். ஓம் விதிப்படி அவர் உடலில் பாய்வது 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பைச் சிதைத்து உயிரைப் போக்க இது போதுமானது. ஆனால் 5 ஆம்பியர் உருகுகம்பிக்கோ இது ஒரு சிறு விளக்கு எரிவதற்கு ஒப்பாகும், அது உருகாது. ஆகவே மனிதனைக் காக்க வேறு வழி வேண்டும்.

அவ்வழிகளுள் முதலாவது நிலக்கம்பி, அதாவது எர்த். இஸ்திரிப் பெட்டியின் உள்ளே மேலுறை கிழிந்த கம்பி அதன் உலோக உடலைத் தொட்டுவிடுவதாகக் கொள்வோம். நிலக்கம்பிப் பாதையின் மொத்தத் தடை 2 ஓம் எனில், 115 ஆம்பியர் பாய்ந்து உருகுகம்பி உடனே அறும். அப்பாதை 100 ஓம் ஆக இருப்பின், பாய்வது 2.3 ஆம்பியரே. உருகுகம்பி அறாது, பெட்டியின் உடல் மின்னழுத்தத்துடனேயே நிற்கும். எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டுக் கோடையிலும் நீர் ஊற்றி ஈரம் காப்பதன் காரணம் இதுவே. மூன்று முனைச் செருகியின் நீண்ட, தடித்த முனையை ஒடித்துவிட்டு, இரு துளைப் பெட்டியில் செருகும் பழக்கம் இப்பாதுகாப்பை அடியோடு அழிக்கிறது.

இரண்டாவது வழி கசிவு முறிப்பான். சென்ற மின்னோட்டம் முழுவதும் திரும்ப வேண்டும் என்னும் விதியை இச்சாதனம் கண்காணிக்கிறது. செல்லும் அளவும் திரும்பும் அளவும் வேறுபட்டால், ஒரு பகுதி வேறு வழியே, ஒருவேளை மனித உடல் வழியே, நிலத்துக்குச் செல்கிறது என்பது தெளிவு. வீடுகளுக்குரிய கசிவு முறிப்பான் 0.03 ஆம்பியர் வேறுபாட்டிலேயே சுற்றைத் துண்டித்துவிடும். எனினும், ஒருவர் இரு கம்பிகளையும் ஒருங்கே தொட்டு, நிலத்துக்குக் கசிவு நேராதபோது, இதுவும் உதவாது. பழுதுபார்க்கும் முன் முதன்மை ஸ்விட்சை நிறுத்துவதற்கு மாற்று எதுவும் இல்லை.

வகுப்பறைச் செய்முறை

மூன்று புதிய டார்ச்சு மின்கலங்கள், அவற்றுக்குரிய பல்பு, மெல்லிய இரும்பு நாரின் சில இழைகள் ஆகியவற்றைத் தொடரிணைப்பில் அமைக்க வேண்டும். இழைகள் ஓட்டுத் துண்டின்மேல் இருத்தல் நலம். பல்பு எரியும்போதே இழைகள் அறுந்தால், மேலும் ஓரிரு இழைகள் சேர்க்கலாம். பின்னர், பல்பின் இரு முனைகளையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்தால், இழைகள் சிவந்து எரிந்து அறும். குறுக்குச் சுற்றையும் உருகுகம்பியின் செயலையும் மாணவர் நேரில் காண்பர். இழைகள் அறாவிடில் செம்புக் கம்பியை உடனே எடுத்துவிட வேண்டும். இச்செய்முறையை வீட்டு மின்சாரத்தைக் கொண்டு ஒருபோதும் செய்தலாகாது.

பயிற்சி வினாக்கள்

1. 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் கொள்ளும் மின்னோட்டம் எவ்வளவு? அதனை 5 ஆம்பியர் சுற்றில் இணைக்கலாமா?

2. நிலக்கம்பிப் பாதையின் தடை 20 ஓம். மின்கம்பி சாதனத்தின் உலோக உடலைத் தொட்டால், 15 ஆம்பியர் உருகுகம்பி அறுமா?

3. உருகுகம்பியைப் பேஸ் கம்பியில் அமைக்காமல் நியூட்ரல் கம்பியில் அமைத்தால், அது அறுந்த பின்னும் சாதனத்தைத் தொடுவது ஏன் அபாயம்?