பயிற்சி விமானத்தின் எஞ்சின் உயிர்பெறும் விதம்

சாலையில் ஓடும் ஒரு பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். அதன் சாவிக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள மின்கம்பி அறுந்துவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். சிலிண்டருக்குள் பொறி எழ மின்சாரம் வேண்டும். அது வரும் வழி அடைபட்டுவிட்டது. ஆனால் ஒரு சிறு பயிற்சி விமானத்தில் சாவிக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள கம்பிகள் அறுந்துபோனால் எஞ்சின் நிற்காது. விமானி சாவியைத் திருப்பி நிறுத்த முயன்றாலும் நிற்காது! இது பழுதன்று, வேண்டுமென்றே இப்படி அமைத்திருக்கிறார்கள். இதன் காரணம் புரிந்தால், விமானம் ஓட்டக் கற்கும் மாணவர் எஞ்சினை இயக்கும்போது செய்யும் ஒவ்வொரு செயலின் பொருளும் விளங்கிவிடும். நம் நாட்டில் 16 வயதிலேயே மாணவ விமானி உரிமம் பெறலாம் என்பதால், இது உங்களுக்கு வெகு தொலைவான செய்தியும் அன்று.

எடுத்துக்காட்டாக, 1977 முதல் 1985 வரை அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டு, உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்பட்டுவரும் செஸ்னா 152 விமானத்தைப் பார்ப்போம். இருவர் அமரக்கூடியது. 110 குதிரைத்திறன் கொண்ட லைக்கோமிங் எஞ்சின். காற்றினால் குளிர்விக்கப்படும் நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள், ஆக எட்டு. இவற்றுக்குப் பொறி தருபவை மாக்னெட்டோ எனப்படும் இரண்டு கருவிகள்.

மாக்னெட்டோ என்பது என்ன? உங்கள் பாடநூலில் உள்ள மின்காந்தத் தூண்டல்தான். பாரடே 1831-இல் கண்டறிந்த விதி இது: ஒரு கம்பிச்சுருளை ஊடுருவும் காந்தப்பாயம் மாறினால், அச்சுருளில் மின்னியக்குவிசை தோன்றும், மாற்றம் எவ்வளவு விரைவோ, விசை அவ்வளவு பெரிது. மாக்னெட்டோவில் எஞ்சினே ஒரு நிலைக்காந்தத்தைச் சுழற்றுகிறது. அருகிலுள்ள முதன்மைச் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு சிறு தொடுமுனை சட்டென்று திறந்து, ஓட்டத்தைத் துண்டிக்கிறது. காந்தப்பாயம் நொடியில் சரிகிறது. அதே உள்ளகத்தின்மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட துணைச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் தோன்றி, பிளக்கின் இடைவெளியில் பொறியாகப் பாய்கிறது. இதில் மின்கலத்துக்கு வேலையே இல்லை. எஞ்சின் சுழலும்வரை பொறி உண்டு. வானில் மின்கலம் செத்துப்போனாலும் எஞ்சின் ஓடும். ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்தபோதும் மாக்னெட்டோதான் பொறி தந்தது. எஞ்சினைக் கிளப்ப மட்டும் பயன்பட்ட மின்கலப் பெட்டி தரையிலேயே இருந்துவிட்டது. வீட்டில் மின்விளக்கு எரிவதைவிட, மின்தூண்டலுக்கு இதுவே மிகத் தெளிவான எடுத்துக்காட்டு என்பது என் எண்ணம்.

அப்படியானால் சாவி எதற்கு? பொறியை வரவழைக்க அன்று, தடுக்க! சாவி ‘நிறுத்து’ நிலையில் இருக்கும்போது, ஒரு கம்பி முதன்மைச் சுருளை எஞ்சினின் உலோக உடலோடு இணைக்கிறது. தொடுமுனை திறந்தாலும் மின்னோட்டம் இந்த மாற்றுவழியில் தொடர்ந்து ஓடுகிறது. திடீர் மாற்றம் இல்லை. எனவே பொறியும் இல்லை. கம்பி அறுந்தால் மாற்றுவழி போய்விடும். மாக்னெட்டோ விழித்தபடியே இருக்கும். வானில் இருப்பவருக்கு இது பாதுகாப்பு; தரையில் ப்ரொப்பெல்லர் அருகே நிற்பவருக்கோ இதுவே ஆபத்து.

இப்போது மாணவ விமானியின் இருக்கைக்கு வருவோம். பிரேக்கை அழுத்திப் பிடித்து, எரிபொருள் வால்வைத் திறந்து, ரேடியோவை அணைத்து, கலவைக் கட்டுப்பாட்டை ‘செறிவு’ நிலைக்குத் தள்ளுகிறார். எஞ்சின் குளிர்ந்திருந்தால், பிரைமர் என்னும் சிறு கைப்பம்பை ஓரிரு முறை, மிஞ்சினால் மூன்று முறை இழுத்துத் தள்ளுகிறார். இது ஏன்? திரவ பெட்ரோல் எரியாது. அதன் ஆவிதான் காற்றோடு கலந்து எரியும். எடைக் கணக்கில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு ஆவி இருந்தால் முழுமையாக எரியும். குளிர்ந்த சிலிண்டரில், பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி மட்டுமே ஆவியாகிறது. ஆகவே தேவைக்கு மேல் பெட்ரோல் கொடுத்தால்தான் தேவையான ஆவி கிடைக்கும். அளவு மீறினால் வேறு தொல்லை: பிளக்குகள் நனையும், சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலமும் கழுவப்பட்டுவிடும். அப்போது கலவைக் கட்டுப்பாட்டை முழுக்க வெளியே இழுத்து, திராட்டிலை முழுதும் திறந்து எஞ்சினைச் சுழற்றுவார்கள். காற்று புகுந்து, மிகுதியான பெட்ரோலை வெளியேற்றும்.

திராட்டிலை அரை அங்குலம் திறந்த பிறகு, சாவிக்கு முன்னால் ஒரு குரல்: “கிளியர் ப்ராப்!” சன்னல் வழியே உரக்கக் கூவி, இருபுறமும் பார்த்து, சிறிது காத்திருக்க வேண்டும். இது வெறும் சடங்கன்று. ப்ரொப்பெல்லரின் விட்டம் சுமார் 1.75 மீட்டர். மெதுவாக, நிமிடத்துக்கு 1000 சுற்று சுழன்றாலே அதன் முனை வினாடிக்கு ஏறக்குறைய 92 மீட்டர், அதாவது மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். கணக்கிட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் அது கண்ணுக்கும் சரியாகத் தெரியாது.

பிறகு மாஸ்டர் சுவிட்ச், அடுத்து சாவி. மின்கலம் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுகிறது. நின்ற நிலையில் மோட்டாரில் எதிர்மின்னியக்குவிசை இல்லாததால், முதல் கணத்தில் மிகப் பெரிய மின்னோட்டம் பாயும். மின்னழுத்தம் தடாலென்று இறங்கி ஏறும். முன்பே ரேடியோவை அணைத்ததற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஸ்டார்ட்டர் எஞ்சினை மிக மெதுவாகவே சுழற்றுகிறது. காந்தமும் மெதுவாகச் சுழலும். பாரடே விதிப்படி பொறி வலுவற்றுப் போகும். மேலும், ஓடும் எஞ்சினில் பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சுமார் 20 பாகை முன்பே பொறி எழும். எரிதல் பரவ நேரம் வேண்டுமே! மெதுவான சுழற்சியில் அவ்வளவு முன்னதாகப் பொறி எழுந்தால், மேலேறும் பிஸ்டனை வாயுக்கள் கீழே தள்ளி, ப்ரொப்பெல்லரைப் பின்னோக்கி உதைத்துவிடும். இரண்டு குறைகளையும் ஒரு சுருள்வில் தீர்த்துவைக்கிறது. இம்பல்ஸ் கப்ளிங் என்ற இந்த அமைப்பு, காந்தத்தைச் சற்று நேரம் பிடித்துநிறுத்தி, வில்லை முறுக்கேற்றி, பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது ‘டக்’ என்று விடுவிக்கிறது. காந்தம் ஒரு துள்ளு துள்ளுகிறது. எஞ்சின் எவ்வளவு மெதுவாகச் சுழன்றாலும் பொறி வலுவாகவும் தாமதமாகவும் வரும். எஞ்சின் பிடித்துக்கொண்டு வேகமெடுத்ததும் கப்ளிங் தானே விலகிவிடும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சாவியை விட்டுவிட்டு, 1000 சுற்றுக்கு மேல் போகாமல் திராட்டிலைச் சரிசெய்து, மாணவர் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய் அழுத்தமானியை. நின்ற எஞ்சினில் எண்ணெய் அடியில் வடிந்திருக்கும். கோடையில் 30 வினாடிக்குள் முள் அசையாவிட்டால், எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். உலோகத்தோடு உலோகம் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பறக்கும் முன் 1700 சுற்றில் ஒரு சோதனை: மாக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள். சிலிண்டரில் இரு முனைகளிலிருந்து பரவும் தீ, ஒரு முனையிலிருந்து மட்டும் பரவும்போது எரிதல் தாமதமாகிறது. சுற்று சற்றே குறைகிறது. இந்தக் குறைவு 125-ஐத் தாண்டக்கூடாது. சுற்று கொஞ்சமும் குறையவில்லை என்றால் மகிழ்ச்சி அடையக் கூடாது. நிறுத்தியதாக நாம் எண்ணிய மாக்னெட்டோ நிற்கவே இல்லை, அதன் கம்பி அறுந்திருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி.

பறந்து திரும்பிய பின், விமானி சாவியால் எஞ்சினை நிறுத்துவதில்லை. கலவைக் கட்டுப்பாட்டை வெளியே இழுத்து எரிபொருளை வெட்டுகிறார். சிலிண்டர்களில் உள்ளது எரிந்து தீர்ந்தபின் எஞ்சின் தானே அடங்குகிறது. அதன் பிறகே சாவி. ஏன் இந்த வரிசை? சிலிண்டரில் எஞ்சிய ஆவியும், அறுந்த ஒரு கம்பியும், ப்ரொப்பெல்லரை விளையாட்டாக அரைச்சுற்றுத் திருப்பும் ஒரு கையும் சேர்ந்தால் போதும். நமக்கு உதவிய அதே சுருள்வில் ‘டக்’ என்று துள்ளி, முழு வலுவோடு பொறியை எழுப்பும். ஆகவே, சாவி விமானியின் சட்டைப் பையில் இருந்தாலும், நிற்கும் விமானத்தின் ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்துக்குள் விமானநிலைய ஊழியர்கள் கை வைப்பதில்லை.