பிள்ளைகளின் வாயை அடைக்காதிருங்கள்

பெற்றோருக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு பாடம்
வேதபகுதி: 2 சாமுவேல் 13-ம் அதிகாரம்



இந்த மாதப் பாடம் நம்முடைய சபைகளில் அதிகமாய்ப் பேசப்படாத ஒரு காரியத்தைப் பற்றியது. பாலியல் தொல்லையிலிருந்து நம்ம பிள்ளைகளைக் காப்பது எப்படி? அதை அவர்களுக்கு எந்த விதமாய்ச் சொல்லிக்கொடுப்பது? கூச்சப்பட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாமல், புருஷனும் மனைவியுமாய் உட்கார்ந்து ஒரு தரம் முழுசாய் வாசியுங்கள்.

1. தாமாரின் வீட்டில் நடந்தது

தாமார் ராஜகுமாரத்தி. காவலுக்கு ஆள் இருந்த அரமனையில் வளர்ந்தவள். அவளுக்குத் தீங்கு செய்தவன் வெளியிலிருந்து வந்த அந்நியன் அல்ல. அண்ணன் முறையான அம்னோன். அதற்கு யோசனை சொல்லிக்கொடுத்தவன் பெரியப்பா மகன் யோனதாப். அம்னோன் வியாதிக்காரனைப் போல படுத்துக்கொண்டான். சமைத்துக் கொடுக்கும்படி அவளை அனுப்பினவர் சூது அறியாத தகப்பன் தாவீதேதான். பிறகு அம்னோன் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனிமையாக்கினான்.

கவனியுங்கள். தாமார் வேண்டாம் என்று சொன்னாள். நியாயம் பேசினாள். கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. அதன்பின் அவள் அதை மறைக்கவும் இல்லை; தலையில் சாம்பலைப் போட்டு, வஸ்திரத்தைக் கிழித்து, சத்தமிட்டு அழுதுகொண்டே போனாள்.

பெரியவர்கள் என்ன செய்தார்கள்? கூடப்பிறந்த அப்சலோம், அவன் உன் அண்ணன்தானே, சும்மாயிரு, மனசில் வைக்காதே என்கிற அர்த்தத்தில் சொல்லி அவள் வாயை அடைத்தான். தாவீதுக்குக் கடுங்கோபம் வந்தது. ஆனால் அவர் அம்னோனை விசாரித்தார், தண்டித்தார் என்று ஒரு வரிகூட அங்கே எழுதப்படவில்லை. தாமார் அண்ணன் வீட்டில் ஒடுங்கிப்போனாள். இரண்டு வருஷம் கழித்து, ஆட்டுமயிர் கத்தரிக்கிற விருந்தில் அம்னோன் கொலையுண்டான். மூடி வைத்த பாவம் அந்தக் குடும்பத்தையே சிதறடித்தது.

தெரிந்த ஆள், நல்ல சாக்கு, தனிமை, பிறகு வாயடைப்பு. இந்த நாலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. இன்றைக்கும் அதே வழிதான்

2007-ல் மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 100 பேரில் 53 பேர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பையன்களும் பெண்பிள்ளைகளுக்குக் குறையாமல் அதில் இருந்தார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். அநேக பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை.

ஆகையால், "தெரியாதவன் சாக்லேட் கொடுத்தா வாங்காதே" என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது.

3. சிறு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

ஒரு தாயார் என்னிடம், "பாஸ்டர், சின்னதுங்களுக்கு இதையெல்லாம் சொன்னா மனசு கெட்டுப்போயிடாதா?" என்று கேட்டார்கள். நான் சொன்னேன்: "அம்மா, அடுப்பு சுடும்னு சொல்றோம். ரோட்டைக் கடக்கும்போது ரெண்டு பக்கமும் பாருன்னு சொல்றோம். அதனால பிள்ளை பயந்தா சாகுது? பத்திரமாத்தானே இருக்குது." பயமுறுத்தாமல், சிரித்த முகத்தோடு, குளிப்பாட்டும்போதே இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

(அ) உன் சரீரம் தேவன் உண்டாக்கினது, அதில் வெட்கப்பட வேண்டிய உறுப்பு எதுவும் இல்லை. எல்லா உறுப்புக்கும் பேர் சொல்லிக்கொடுங்கள். பேர் தெரியாத பிள்ளை நடந்ததை எப்படிச் சொல்லும்?

(ஆ) உள்ளாடை மூடுகிற இடங்களை யாரும் தொடவோ பார்க்கவோ கூடாது. மற்றவர்களுடையதைத் தொடச் சொன்னாலும் கூடாது. சுத்தம் பண்ணும்போது அம்மா, வியாதிக்கு டாக்டர் தொடலாம். டாக்டர் பார்க்கும்போதும் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

(இ) யாராவது அப்படிச் செய்தால் மூன்று காரியம்: "வேண்டாம்" என்று சத்தமாய்ச் சொல், அங்கிருந்து ஓடு, வந்து சொல். முதல் ஆள் நம்பாவிட்டால் அடுத்த ஆளிடம் சொல். யாரிடம் சொல்வாய் என்று கேட்டு, ஐந்து விரலுக்கு ஐந்து பேரை எண்ண வையுங்கள்.

(ஈ) பிறந்தநாள் பரிசை ஒளித்து வைப்பது நல்ல ரகசியம். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒரு பெரிய ஆள் சொல்கிற ரகசியம் கெட்டது. அதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒரு காரியத்தை அழுத்தமாய்ச் சொல்கிறேன். நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலை நன்றாய்ப் போதிக்கிறோம். "பெரியவங்க சொன்னா கேட்கணும்" என்கிறோம். நல்லதுதான். ஆனால் தப்பானதைச் சொன்னால் யார் சொன்னாலும் கேட்க வேண்டியதில்லை. மாமாவானாலும், டியூஷன் வாத்தியாரானாலும், பாஸ்டரானாலும் கேட்க வேண்டியதில்லை என்று சேர்த்துச் சொல்லுங்கள். கீழ்ப்படிய மட்டும் கற்ற பிள்ளை துன்மார்க்கனுக்கும் கீழ்ப்படிந்துவிடும். "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். விருப்பமில்லாவிட்டால் ஸ்தோத்திரம் சொன்னால் போதும்.

4. வாலிபப் பிள்ளைகளுக்கு

தீங்கு செய்ய நினைக்கிறவன் முதல் நாளே கை வைப்பதில்லை. புகழுவான். பரிசு கொடுப்பான். ரீசார்ஜ் போட்டுக் கொடுப்பான். "உங்க வீட்ல உன்னைப் புரிஞ்சுக்கல, நான் இருக்கேன்" என்பான். அப்புறம் தனியாய்ச் சந்திக்கக் கூப்பிடுவான், போட்டோ கேட்பான். அனுப்பினபின் அதையே வைத்து மிரட்டுவான். இதை வீட்டில் வெளிப்படையாய்ப் பேசுங்கள்.

பிள்ளை மாட்டிக்கொண்டால் போனைப் பிடுங்கி அடிக்க வேண்டாம். மெசேஜை அழிக்க வேண்டாம், அது சாட்சி. மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம். போலீசில் சொல்லுங்கள், மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் செய்யலாம்.

யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். ஓடினவன்மேலேயே பழி வந்தது, ஜெயிலுக்கும் போனான். நம்ப மாட்டார்களே என்கிற பயம் நம்ம பிள்ளைகளுக்கும் உண்டு. இன்னொன்றும் சொல்லுங்கள்: அந்த நேரத்தில் பயத்தில் உறைந்துபோய், ஓடவும் கத்தவும் முடியாமல் போயிருந்தாலும் அது உன் குற்றம் அல்ல. வேண்டாம் என்று சொன்ன தாமாரும் தப்ப முடியவில்லை. குற்றம் முழுவதும் செய்தவன் மேல்தான்.

5. பிள்ளை வந்து சொன்னால்

பதறாமல் கேளுங்கள். நம்புங்கள். "நீ ஏன் அங்க போனே?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். சம்பவம் இப்போதுதான் நடந்தது என்றால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்து, 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான இந்த எண் இருபத்துநாலு மணி நேரமும் காசில்லாமல் கிடைக்கும். பிள்ளைகளுக்கும் அதை மனப்பாடமாக்குங்கள். அவசர ஆபத்துக்கு 112.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் இரு பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பு. குற்றம் நடந்தது தெரிந்தவர் எவரானாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஒரு நிறுவனத்தின் தலைவர் தன் கீழ் வேலை செய்கிறவனின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை. ஊழியக்காரரே, இது நமக்கும்தான். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போக வேண்டியதில்லை. சீருடை இல்லாமல், கூடியவரை பெண் எஸ்.ஐ. வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். பேரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது.

நான் அறிந்த ஒரு குடும்பம். பேரையும் ஊரையும் சொல்ல மாட்டேன். பிள்ளை தைரியமாய்ச் சொல்லிவிட்டது. செய்தவன் நெருங்கின உறவு. சில மூப்பர்மார், "பேசி முடிச்சிடலாம், உபவாசம் போட்டு ஜெபிக்கலாம், வெளியே போனா சபைப் பேரு கெட்டுப்போகும்" என்றார்கள். நான் சொன்னேன்: "ஜெபிப்போம் ஐயா. ஜெபித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போவோம்." அந்தத் தகப்பனோடு நானும் போனேன். உறவுக்காரர் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு குடும்பம் சபைக்கு வராமல் போனது. வழக்கு நடக்க நாளாயிற்று. அந்தப் பிள்ளை இன்றைக்கு நன்றாய்ச் சாப்பிடுகிறது, தூங்குகிறது, படிக்கிறது. ஒரு நாள் அது என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "அங்கிள், நான் சொன்னது தப்பில்லையே?" இந்தக் கேள்விக்கு முழுச் சபையும் "தப்பில்லை" என்று பதில் சொல்ல வேண்டும்.

குற்றம் செய்தவன் மனந்திரும்பி அழலாம். மன்னிப்பு ஒன்று, தண்டனை இன்னொன்று. அவனைத் திரும்பவும் பிள்ளைகள் நடுவே விடுவது அன்பு அல்ல.

6. சபையில் வைக்க வேண்டிய ஒழுங்கு

* ஞாயிறு பள்ளியிலும் வி.பி.எஸ்.ஸிலும் ஒரு வகுப்புக்கு இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும்.
* பூட்டின அறையில் எந்தப் பிள்ளைக்கும் தனி ஆலோசனை, தனி ஜெபம் கூடாது. கை வைத்து ஜெபித்தால் தலையில் மட்டும், எல்லாரும் பார்க்கத்தக்க இடத்தில்.
* முழு இரவு ஜெபத்தில் பிள்ளைகள் தாயின் பக்கத்தில் தூங்கட்டும். கன்வென்ஷன் பந்தலில் கழிப்பறைக்குத் தனியே அனுப்பாதீர்கள்.
* வெளியூர் ஊழியர், விருந்தாளி யாராயினும் பிள்ளைகள் படுக்கும் அறையில் படுக்க வைக்க வேண்டாம்.
* 1098 என்று பெரிய எழுத்தில் எழுதி சபைச் சுவரில் ஒட்டுங்கள்.

இந்த ஒழுங்கு எனக்கும் உண்டு. உண்மையான ஊழியக்காரன் இதனால் வருத்தப்பட மாட்டான்.

கலந்துபேச:
1. தாமார் அழுதுகொண்டு போனபோது அவளுக்கு யார் என்ன செய்திருக்க வேண்டும்?
2. நம்ம பிள்ளை எண்ணுகிற ஐந்து பேரில் நாம் இருக்கிறோமா? இல்லாவிட்டால் ஏன்?

வீட்டில் செய்ய: இன்று இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "யார் என்ன செய்தாலும் எங்ககிட்ட சொல்லலாம். நாங்க உன்னைத் திட்ட மாட்டோம், நம்புவோம்" என்று சொல்லுங்கள். சொன்னபின் அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள்.