பிள்ளை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா? பவர்பாயின்டில் ஒரு ஒலிப் பாடம்

"எதற்காகக் கம்ப்யூட்டர் வாங்கினீர்கள்?" என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில், "பிள்ளைகள் படிப்புக்குத்தான்" என்பது. நானும் அப்படிச் சொல்லித்தான் வாங்கினேன். ஆனால் முதல் மாதம் முழுக்க என் மகள் அதில் கேம்ஸ்தான் விளையாடினாள்.

இரண்டாம் வகுப்பில் படித்த அவள் 'பட்டர்ஃப்ளை'யின் ஸ்பெல்லிங்கை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். டிக்டேஷனில் எப்போதும் பத்துக்குப் பத்து. ஒருநாள் அவள் பாடத்தில் இல்லாத 'டின்' என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை டைப் செய்து காட்டினேன். "டி, ஐ, என்" என்றாள். "சரி, என்ன வார்த்தை?" என்றேன். "மிஸ் இன்னும் சொல்லித் தரலைப்பா" என்றாள். சொல்லித் தராததை வாசிக்க முடியாது என்றால், அவள் இன்னும் வாசிக்கவே கற்கவில்லை என்றுதானே பொருள்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குறை அவளிடம் இல்லை. தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஒலி. ப, ட, ம் என்று சொன்னால் 'படம்' வந்துவிடும். ஆங்கிலத்தில் பெயர் வேறு, ஒலி வேறு. 'எஸ்' என்பது பெயர். அதன் ஒலி 'ஸ்'. பெயர்களைச் சேர்த்தால் "டி-ஐ-என்"தான் வரும். ஒலிகளைச் சேர்த்தால்தான் 'ட்-இ-ன்', டின்! இப்படி ஒலி வழியாகக் கற்பிப்பதே போனிக்ஸ். இதை முறையாகக் கற்பித்தால் வாசிப்பும் ஸ்பெல்லிங்கும் மேம்படுகின்றன என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு அறிக்கை தந்தது.

வாருங்கள், நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஒலிப் பலகை செய்வோம். பவர்பாயின்டும் மைக்கும் போதும். லேப்டாப்பில் மைக் உள்ளேயே இருக்கும்.

1. பவர்பாயின்டைத் திறந்து காலி ஸ்லைடு ஒன்றில் டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து, 'எஸ்' எழுத்தைச் சிறிய எழுத்தாக டைப் செய்யுங்கள். அளவு 200. பான்ட் 'காமிக் சான்ஸ்' வைத்தால் 'ஏ' எழுத்து, பிள்ளை கையால் எழுதும் வடிவத்திலேயே இருக்கும். தானாகப் பெரிய எழுத்தாக மாறினால் கண்ட்ரோல் + இசட் அழுத்துங்கள்.

2. 'இன்செர்ட்' டேபில் 'ஆடியோ', அதில் 'ரெக்கார்ட் ஆடியோ'வைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பு வட்டத்தை அழுத்தி, எழுத்தின் ஒலியைச் சொல்லி, நிறுத்தி, ஓகே கொடுங்கள். ஸ்லைடில் ஸ்பீக்கர் படம் தோன்றும்.

3. இப்படியே எஸ், ஏ, டிவியில் வரும் டி, ஐ, பேனாவுக்கான பி, என் ஆகிய ஆறு எழுத்துகளுக்கும் ஆறு ஸ்லைடுகள் செய்யுங்கள். பல போனிக்ஸ் பாடத்திட்டங்கள் இந்த ஆறில்தான் தொடங்குகின்றன. இவற்றைக் கொண்டே நிறையச் சிறு சொற்கள் அமைக்கலாம்.

4. ஏழாவது ஸ்லைடில் டி, ஐ, என் மூன்றையும் அவற்றின் ஸ்பீக்கர் படங்களோடு காப்பி செய்து வரிசையாக ஒட்டுங்கள். எப்5 அழுத்தி, பிள்ளையை ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கிளிக் செய்யச் சொல்லுங்கள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. ஒலிகள் ஒட்டிக்கொள்ளும்.

ரெக்கார்ட் செய்யும்போது ஒரு கவனம். 'ட' என்றோ 'டா' என்றோ சொல்லிவிடாதீர்கள். 'ட்' என்று நிறுத்துங்கள். 'டா-இ-னா' என்று சேர்த்தால் எந்தச் சொல்லும் வராது. புள்ளி வைத்த மெய்யெழுத்தை அறிந்த நமக்கு இது எளிது. க் + ஆ = கா என்று படித்தவர்கள்தானே நாம்!

அடுத்து ஸ்பெல்லிங். நீங்கள் 'பின்' என்று சொல்லுங்கள். பிள்ளை ஒலிகளைப் பிரித்து நோட்பேடில் டைப் செய்யட்டும். விண்டோஸ் 11இன் புதிய நோட்பேடில் ஸ்பெல் செக், ஆட்டோகரெக்ட் வசதிகள் உண்டு. மேலே வலப்புறம் உள்ள பல்சக்கரத்தைக் கிளிக் செய்து இரண்டையும் ஆஃப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் பிழையைத் திருத்துவது கம்ப்யூட்டராக இருக்கும், பிள்ளையாக இருக்காது.

பிள்ளை உண்மையிலேயே வாசிக்கிறதா என்று அறிய ஒரு வழி: 'டிப்', 'டேப்' ஆகியவற்றுடன் 'நேஸ்', 'பிஸ்ட்' போன்ற பொருளில்லாத சொற்களையும் கலந்து கொடுங்கள். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் சோதனையில் 40 சொற்கள். அவற்றில் 20 இப்படிப்பட்டவையே. மனப்பாடம் இங்கே செல்லாது.

போனிக்ஸ் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26, ஒலிகளோ சுமார் 44. 'ஒன்', 'செட்' (சொன்னார்) போன்ற முரண்டு பிடிக்கும் சொற்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். அவை பிறகு வரட்டும்.

தினமும் பத்து நிமிடம்தான் உட்கார்ந்தோம். மூன்றாவது வாரம், நான் சொல்லித் தராத 'ஸ்பின்' என்ற சொல்லைத் திரையில் வைத்தேன். உதடுகள் அசைந்தன. 'ஸ்... ப்... இ... ன்...' பிறகு சத்தமாக, "ஸ்பின்! இதை யாரும் சொல்லித் தரலைப்பா!" என்றாள்.

இன்று மாலையே முதல் ஸ்லைடைத் தொடங்குங்கள்.