பழைய விண்டோஸும் லினக்ஸ் சர்வரும்

விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்கு எஸ்எம்பி1 என்ற பழைய நெறிமுறை மட்டுமே தெரியும். லினக்ஸில் கோப்புப் பகிர்வைக் கவனிக்கும் சாம்பா மென்பொருளோ, 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை இயல்பாகவே அடைத்துவைத்திருக்கிறது. சர்வரை மேம்படுத்திய மறுநாள் எக்ஸ்பியில் பகிர்வுக் கோப்புறை திறக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான். கேபிளைக் கழற்றி மாட்டிப் பயனில்லை.

எஸ்எம்பி1ஐ மீண்டும் அனுமதிக்க, சாம்பாவின் அமைப்புக் கோப்பில், குளோபல் பகுதியில், 'சர்வர் மின் புரோட்டோகால்' என்பதற்கு 'என்டி1' என்ற மதிப்பைத் தர வேண்டும். டெஸ்ட்பார்ம் கட்டளை எழுத்துப்பிழை இருந்தால் காட்டிவிடும். பிறகு சாம்பாவை மறுபடி தொடங்கலாம்.

அடுத்த முட்டுக்கட்டை கடவுச்சொல். கடவுச்சொல்லைச் சரிபார்க்க எக்ஸ்பி அனுப்பும் பழைய என்டிஎல்எம் பதிலைப் புதிய சாம்பா இயல்பாக ஏற்காது. இதற்காக சர்வரைத் தளர்த்துவதைவிட, எக்ஸ்பி ரெஜிஸ்ட்ரியின் எல்எஸ்ஏ பகுதியில் 'எல்எம் கம்பாட்டிபிலிட்டி லெவல்' மதிப்பை 3 ஆக்குவதே நல்லது. லினக்ஸில் பயனர் கணக்கு இருந்தாலும் சாம்பாவுக்கெனத் தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

2017இல் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். எனவே எக்ஸ்பி கணினிக்கு இணையத் தொடர்பு தராமல், சாம்பா அமைப்புக் கோப்பின் 'ஹோஸ்ட்ஸ் அலோ' வரியில் உள் முகவரிகளை மட்டும் அனுமதிப்பது அவசியம். விண்டோஸ் 7க்கு எஸ்எம்பி2 தெரியும் என்பதால் எஸ்எம்பி1ஐத் திறப்பதும் ரெஜிஸ்ட்ரி மாற்றமும் தேவைப்படாது; சாம்பா கடவுச்சொல் மட்டும் அதற்கும் வேண்டும்.