பைன் காடும் தீயும்

காட்டில் தீப்பிடித்தால் நாசமே என்பது பொதுவான எண்ணம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பாகத்திலுள்ள நீளிலைப் பைன் காடுகளின் விஷயமோ இதற்கு முற்றிலும் மாறானது.

இம்மரத்தின் விதை, சருகு மூடாத வெறுந்தரையில் விழுந்தால்தான் நன்கு வேரூன்றும். முளைத்த கன்று சில வருஷங்கள் புற்றூறு போலவே நின்று, வேரை மட்டும் ஆழச் செலுத்தும். அச்சமயம் தரையோடு ஓடும் தீயில் வெளியிலைகள் கருகினும், அவை சூழ்ந்திருப்பதால் நடுக்குருத்து பிழைக்கும். இலைகளைப் பற்றும் பழுப்புப்புள்ளி நோயும் தணியும். நிழலிட்டுக் கெடுக்கும் ஓக் கன்றுகளோ தீய்ந்துவிடும்.

தீயை நெடுங்காலம் தடுத்த இடங்களில் சருகு குவிந்து, பின்னர் பற்றிய தீ முதுமரங்களையும் கொன்றது. சுமார் 9 கோடி ஏக்கர் பரவியிருந்த இக்காடு, வெட்டுதலாலும் திருத்துதலாலும் தீத்தடுப்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமார் 30 லக்ஷம் ஏக்கராகச் சுருங்கியது. இப்போது அங்குள்ள நிலச்சொந்தக்காரர் பலர், காட்டைச் சுற்றிலும் உழுது தீத்தடுப்புப் பட்டை அமைத்து, காற்று நிதானமாயுள்ள நாளில், 2, 3 வருஷங்களுக்கொருமுறை தாமே தீயிடுகின்றனர்.