மாதிரி ரயில்: கைக்காசு எதற்கு முதலில்?

மாதிரி ரயில் அமைப்பில் முதல் செலவு தண்டவாளத்துக்கு. ஹெச்.ஓ. அளவில், அதாவது 1:87 விகிதத்தில், தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. எஞ்சினுக்கு மின்சாரம் போவதும் தண்டவாளத்தின் வழியாகத்தான். எஃகுத் தண்டவாளம் மலிவு. ஆனால் துருப்பிடித்தால் மின்சாரம் தடைபட்டு, வண்டி விட்டுவிட்டு ஓடும். நிக்கல் சில்வர் விலை கூடுதல் என்றாலும் துருப்பிடிக்காது. பழையதாகக் கிடைத்தாலும் துடைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது எஞ்சின். சுமாரான மூன்றைவிட நன்றாக ஓடும் ஒன்று மேல். பழைய எஞ்சினை வாங்குமுன், ஆமை வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். சக்கரத்து அழுக்கு, தேய்ந்த பற்சக்கரம் போன்ற வேகத்தில் மறையும் கோளாறுகள் அப்போதுதான் வெளிப்படும். 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர் தொடக்கத்துக்குப் போதும், டிஜிட்டல் காத்திருக்கலாம்.

தடம் மாற்றும் பாயின்ட் ஒன்றின் விலையில் நேர்த்தண்டவாளத் துண்டுகள் பல வாங்கலாம். ஆகவே முதல் வட்டத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம்.

நிலையம், வீடு, மரம் ஆகியவற்றுக்குக் காசு செலவழிப்பது வீண். பிஸ்கட் அட்டை, ஐஸ் குச்சி, காய்ந்த செடிக் கொப்பு, சலித்த மணல் ஆகியவையே போதும். ரயில் பெட்டிகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். இணைப்புக் கொக்கி ஒரே வகையா என்று பார்த்தே வாங்க வேண்டும்.